முகம் பார்த்துப் படம் எடுத்தல்

பேரிகையிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நம் மருத்துவமனைக்கு வருவோர், சேர்க்கை மேசையில் முதலில் எடுத்து வைப்பது ஆதார் அட்டையைத்தான். அட்டையில் உள்ள முகத்தையும் எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் அலுவலர்களின் அன்றாடப் பணி. முதியோர் பலருக்கு அந்த அட்டைப் படமே அவர்களுடைய ஒரே தனிப்படம் என்பதை நாங்கள் மெல்ல மெல்லத்தான் அறிந்துகொண்டோம். மகளின் திருமணத்தில் வரிசையில் நின்ற படம் ஒன்று இருக்கும். பேரனைத் தூக்கியபடி பாதி முகம் மறைந்த படம் ஒன்று இருக்கும். அவரை மட்டும் பார்த்து, அவருக்காகவே எடுத்த படம் இருப்பதில்லை. பின்னொரு நாளில் சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்படும்போது, திருமணக் கூட்டத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தருமாறு குடும்பத்தார் ஸ்டுடியோவில் கேட்டு நிற்பதை இப்பகுதியில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

இம்மடலின் பின்பக்கத்தில் நலம்பெற்று வீடு திரும்புவோரின் படத்தை வெளியிடலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது இவையெல்லாம் எங்கள் நினைவில் இல்லை. மடல் குழுவில் இருப்பவர்கள் இருவர். எங்களிடம் இருந்தது ஒரு பழைய கேமராவும் இரண்டு கைப்பேசிகளும். படமெடுப்பதில் எங்களுக்கு இருந்த பயிற்சி, குடும்ப விழாக்களில் எல்லோரும் பெறுகின்ற அளவுதான்.

முதலில் நாங்கள் எடுத்த படம் ஒரு மூதாட்டியுடையது. பாகலூர்ச் சாலையை ஒட்டிய ஊரொன்றைச் சேர்ந்தவர். பல ஆண்டுகள் ரோஜாத் தோட்டங்களில் பூப்பறித்தவர். நுரையீரல் தொற்றுடன் வந்து, பதினொரு நாள் ஆக்சிஜன் உதவியில் இருந்து, அதிலிருந்து விடுபட்டிருந்தார். (அவர் இசைவுடன்தான் இதை எழுதுகிறோம். மடலில் பெயர் வேண்டாம் என்றார், தவிர்த்திருக்கிறோம்.) கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, சிரிக்கும்படி சொல்லி, ஃப்ளாஷ் போட்டு எடுத்தோம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. எடுத்ததை அவரிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். “இது யாரு சாமி? எங்கம்மா செத்த அன்னைக்கி இப்படித்தான் இருந்தாங்க” என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். ஆனால் நோயிலிருந்து மீண்ட ஒருவரிடம் அவருடைய இறப்பைக் காட்டிவிட்டோம் என்பது எங்களுக்குப் புரிந்தது. படத்தை அவர் எதிரிலேயே அழித்தோம். நன்றாக எடுக்கக் கற்றுக்கொண்டு திரும்ப வருகிறோம் என்று சொன்னோம். “ஊருக்குப் போறதுக்குள்ள கத்துக்குங்க” என்றார் அவர். எங்களுக்கு இருந்தது நான்கு நாள்.

அந்த நான்கு நாட்களில் நாங்கள் படித்தவற்றுள் மனத்தில் தங்கியது ஒரு பெண்மணியின் வரலாறு. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெயரில் இருக்கும் ‘கேமரன்’ கணவர் வழி வந்தது. படக்கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணவர் ஓய்வுபெற்ற பின் இங்கிலாந்தில் குடியேறி, ஒயிட் தீவில் உள்ள ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வாழ்ந்துவந்தார். 1863-ஆம் ஆண்டு டிசம்பரில், அவருக்கு 48 வயதாகும்போது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாக அளித்தனர். கணவர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், தனிமையில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்று முகப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

கற்றுத்தர ஆசிரியர் எவரும் இல்லாமலேயே தொடங்கினார். நிலக்கரி வைத்திருந்த கொட்டில் இருட்டறையாயிற்று. கண்ணாடி பொருத்திய கோழிக்கூடு ஸ்டுடியோவாயிற்று. கோழிகளை வெளியே விட்டார். அன்றைய முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். விரல்களும் உடையும் கறுத்துப் போகும். எதிரில் அமர்பவரோ சில நிமிடங்கள்வரை அசையாமல் இருந்தாக வேண்டும்.

அவ்வூர் உழவர் ஒருவருக்கு மணிக்கு அரை கிரவுன் கூலி கொடுத்து எதிரில் அமர்த்தி, பலமுறை முயன்று, ஒருவழியாக முதல் படம் தேறியது. வெற்றிக் களிப்பில் தகட்டைக் கையில் பிடித்தவர், மருந்து பூசிய பக்கத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். அடுத்து இரு சிறுவர்களை அமர்த்தினார். அவர்களுள் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில் அந்தத் தகடும் வீணாயிற்று. 1864 ஜனவரி இறுதியில் ஆனி ஃபில்பாட் என்னும் சிறுமி எதிரில் அமர்ந்தாள். அசைந்தால் இந்த அம்மாளின் மருந்தும் உழைப்பும் எப்படி வீணாகும் என்பதை அவளிடம் இரக்கம் தோன்ற விளக்கியிருக்கிறார் கேமரன். குழந்தை அசையவில்லை. படம் வந்தது. அதைத் தம் முதல் வெற்றி என்று பெயரிட்டு வைத்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின் தம் அனுபவங்களை எழுதும்போது அந்த நாளைப் பற்றி அவர் சொன்னதை நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பப் படித்தோம். மகிழ்ச்சி தாளாமல் குழந்தைக்குக் கொடுக்கப் பரிசு தேடி வீடு முழுவதும் ஓடினாராம். அந்தப் படத்தை முழுக்க முழுக்க அக்குழந்தையே செய்ததாகத் தமக்குத் தோன்றியதாம். நம் மூதாட்டியின் கட்டிலருகே நாங்கள் நின்றபோது இப்படி ஒன்று எங்களுக்குத் தோன்றவில்லை. படத்தை நாங்கள் ‘எடுத்தோம்’. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும்.

கேமரனுடைய படங்களை அக்காலத்துப் படக்கலைஞர் பலர் ஏற்கவில்லை. கூர்மை இல்லை, தகட்டில் கீறலும் கைரேகையும் தெரிகின்றன, கவனக்குறைவு என்று இதழ்களில் எழுதினார்கள். கூர்மையைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எங்களுக்குப் பிடித்திருந்தது. லென்சைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதோ அங்கேயே நிறுத்திக்கொண்டாராம். எனினும் அவர் பிழைகளைக் கொண்டாடியவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1866 வாக்கில் பெரிய கேமராவும் புதிய லென்சும் வாங்கினார். ஆட்களைத் திரும்பத் திரும்ப அமர்த்தினார். வீட்டுப் பணிப்பெண்கள், அண்டை வீட்டார், பெருங்கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஜான் ஹெர்ஷல் எனக் கையில் கிடைத்த எவரையும் விட்டுவைக்கவில்லை. இன்று அவருடைய படங்களாகப் பட்டியலிடப்பட்டவை ஏறத்தாழ 1,200. அத்தனையும் 48 வயதுக்குப் பின் செய்தவை. நோய்க்குப் பிறகோ ஓய்வுக்குப் பிறகோ புதிதாக ஒன்றைக் கற்க நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும் நம் நோயாளர்களுக்கு இதைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இரண்டாம் நாள் நாங்கள் செய்தது மிகச் சிறிய காரியம். கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த மூதாட்டியின் அருகில் அமர்ந்தோம். கட்டிலில் சாய்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு நம் கண் வந்தவுடன் எதிரில் உள்ள முகம் மாறிவிடுகிறது. நின்றபடி பார்க்கும்போது தெரிவது நோயாளர். அமர்ந்து பார்க்கும்போது எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்று மொழியிலும் அவர் பேசுவதை அன்றுதான் கேட்டோம். விடியற்காலையில் முள் குத்தாமல் ரோஜாக் காம்பைப் பிடிக்கும் விதத்தை விரல்களை மடக்கிக் காட்டினார். அப்போது அவருடைய முகத்தில் வந்த ஒரு பெருமிதத்தை எடுக்க எங்கள் கையில் கேமரா இல்லை. அது நல்லதாயிற்று, எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெளிச்சத்தைக் கற்றோம். எங்கள் முதல் படம் பாழானதற்குப் பாதிக் காரணம் ஃப்ளாஷ். நெற்றிக்கு நேர் எதிரிலிருந்து வரும் ஒளி முகத்தின் மேடு பள்ளங்களை எல்லாம் தட்டையாக்கிவிடும். பின்சுவரில் கருநிழலை வீழ்த்தும். தலைக்கு மேலே எரியும் ட்யூப் லைட் வேறு வகையில் தீங்கு செய்யும்: கண்குழிகளில் நிழல் இறங்கி, நோயால் மெலிந்த முகத்தை மேலும் மெலிந்ததாகக் காட்டும். மூதாட்டி தம் தாயின் இறுதி நாளைக் கண்டது அந்த நிழலில்தான் என்று இப்போது நினைக்கிறோம். அவருடைய வார்டில் வடக்கு நோக்கிய சன்னல் ஒன்று உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள மாலூர்ப் பக்கம் பார்த்தது அது. வடக்குச் சன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது. நாள் முழுவதும் மென்மையான ஒளி வந்துகொண்டிருக்கும். ஓவியர்கள் காலங்காலமாகத் தேடிய ஒளி நம் வார்டில் செலவின்றிக் கிடைப்பதை இத்தனை நாள் கவனிக்கவில்லை. சன்னல் முகத்தின் பக்கவாட்டில் இருக்குமாறு அவரை அமர்த்தி, மேல்விளக்கை அணைக்கச் சொன்னோம். ட்யூப் லைட்டும் பகல் ஒளியும் கலந்தால் தோலின் நிறம் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியக்கூடும், ஒன்றே போதும். கண்ணுக்குள் சன்னல் ஒரு சிறு வெண்புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளி இருந்தால்தான் கண்ணுக்கு உயிர்.

கைப்பேசியில் எடுக்கும் வாசகர்களுக்குச் சில செய்திகள். முதலில் லென்சைத் துணியால் துடையுங்கள். சட்டைப்பையிலும் சமையலறையிலும் இருந்த கைப்பேசியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், பல படங்கள் மங்கலாவது அதனால்தான். முகத்துக்கு மிக அருகில் கைப்பேசியைக் கொண்டு போகாதீர்கள். ஓரடித் தொலைவில் எடுத்தால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். குறை மூக்கில் இல்லை, தொலைவில் இருக்கிறது. ஐந்தாறு அடி பின்னால் வந்து, இருமடங்குப் பெரிதாக்கி எடுத்தால் முகம் நாம் நாள்தோறும் காணும் முகமாகவே வரும். திரையில் அவருடைய கண்மீது ஒருமுறை தொட்டால் கண் கூர்மையாகும். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நொடி பாருங்கள். குளுக்கோஸ் ஸ்டாண்டு தலையிலிருந்து முளைத்தது போல் நிற்கும்; நாம் ஓரடி நகர்ந்தால் மறைந்துவிடும்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பேசிகள் கருநிற முகங்களைத் தாமாகவே வெளுப்பாக்கிக் காட்ட முயலும்; ‘அழகூட்டும்’ வசதி வேறு சுருக்கங்களை அழித்துவிடும். இந்த வழக்கம் புதிதன்று. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச்சோதனை அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் கொண்ட பெண்ணே இருந்தார். ‘ஷர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது; கருந்தோல் உடையோர் நிழலுருவாகப் போனார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் முகத்துக்குப் பவுடர் பூசி அமர்த்துவதும், நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் தெளிவாக்குவதும் வழக்கமாக இருந்தன. அந்த ஸ்டுடியோக் கலைஞர்களை நாங்கள் குறை கூறவில்லை. திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றுக்கு நடுவே நம் பாட்டன் பாட்டிமார் மூச்சைப் பிடித்து நின்ற அந்தப் படங்கள் பெருஞ்செல்வம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதிவு செய்ததும் அதனால்தான். எங்கள் வேண்டுகோள் ஒன்றே: படம் எடுத்தபின் வெளிச்சத்தைக் கூட்டத் தோன்றினால், அவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

மருத்துவமனைக்குள் எடுப்பதாயின் கலையைவிட முந்திய சில விதிகள் உண்டு. செவிலியரைக் கேட்காமல் எதையும் நகர்த்த வேண்டாம். படத்துக்காக ஆக்சிஜன் முகமூடியையோ மூக்குக் குழாயையோ ஒரு நொடிகூட எடுக்கக் கூடாது. அவை படத்தில் இருந்தால் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சை ஆனவரை நிமிர்ந்து உட்காரவோ கையை உயர்த்தவோ சொல்ல வேண்டாம். கண் அறுவை முடிந்தவருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கைப்பேசியே செல்லக் கூடாது. அங்குள்ள காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். கட்டிலருகே வருமுன் கைகளைக் கழுவுவது போலவே கைப்பேசியையும் துடைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ அவருடைய மருத்துவக் குறிப்போ உங்கள் படத்தில் விழக் கூடாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் அந்தரங்கம் காக்கப்படுவதும் ஓர் உரிமை. அந்த உரிமை உடன் தங்கியிருக்கும் மகனிடமிருந்தும் மருமகளிடமிருந்தும்கூட நோயாளரைக் காப்பது. தூங்கும் அப்பாவை எடுத்து உறவினர் குழுவில் அனுப்பும் மகன் அன்பினால்தான் அதைச் செய்கிறார். கண் விழித்த அப்பாவுக்கு அது தெரியவரும்போது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் வார்டில் கண்டிருக்கிறோம்.

படம் எடுத்தால் ஆயுள் குறையும், நோயில் எடுத்தால் மீளமாட்டோம் என்று நம்பும் முதியோர் நம் பகுதியில் இன்றும் உள்ளனர். அவர்களிடம் வாதிட வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதே பொருள். விரும்பினால் கைகளை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பூக்கட்டிய கை, ஏர் பிடித்த கை, ஓசூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டிய கை; இவற்றுக்கும் முகம் உண்டு.

மருத்துவர்களும் இதில் பாடம் கற்க வேண்டியிருந்தது. 1850-களில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநலக் காப்பகத்தில் மகளிர் பிரிவை நடத்திய மருத்துவர் ஹியூ டயமண்ட், தம் நோயாளர்களைப் படமெடுத்தார். நோயின் போக்கைப் பதிவு செய்யவும், தம் படத்தைக் கண்டு நோயாளர் தம்மை உணரவும், மீண்டும் வந்தால் அடையாளம் காணவும் அது உதவும் என்று 1856-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். நோயாளரைச் சங்கிலியில் கட்டாத ஒரு காப்பகத்தின் மருத்துவர் அவர். நல்ல எண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அவர் படங்களில் உள்ள பெண்கள் இன்று பெரும்பாலும் நோயின் பெயரால்தான் அறியப்படுகிறார்கள். நேர் எதிரான வழியில் நடப்பது இன்னொன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கி இப்போது ஐரோப்பாவின் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நினைவின்றிக் கிடப்பவருக்காகச் செவிலியரும் குடும்பத்தாரும் ஒரு நாட்குறிப்பு எழுதி வைக்கிறார்கள்; சில இடங்களில் படங்களும் சேர்க்கப்படுகின்றன. பின்னர் அவர் விரும்பினால், காணாமற்போன தம் நாட்களை அதில் தேடிக்கொள்ளலாம். பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது.

கேமரனின் வரலாற்றில் மிச்சம் இருக்கும் பகுதி நமக்கு மிக அருகில் நடந்தது. 1875-இல் அவரும் கணவரும் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். அங்கு அவர்களுடைய குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி இலைகளைத் துருநோய் தின்றுகொண்டிருந்த காலம் அது, வருவாய் தேய்ந்துகொண்டிருந்தது. மருந்துநீரும் நல்ல தண்ணீரும் கிடைப்பது அரிதாயினும் அவர் படமெடுப்பதை விடவில்லை. 1877-இல் களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நார்த், தமக்கு நேர்ந்ததைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். உச்சிவெயிலில் கம்பளி ஆடையைப் போர்த்தி, தென்னை ஓலை தலையில் குத்த நிற்கவைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம் கேமரன்! சிரிக்கச் சொல்லி ஃப்ளாஷ் போட்ட எங்களுக்கு இதைப் படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. தோட்டமே இல்லாத வீட்டில் ஒருவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொண்டிருந்தாராம். அவருடைய முதுகின் வடிவழகு பிடித்துப்போனதே காரணம் என்றும் நார்த் எழுதுகிறார்.

அந்த ஆண்டுகளில் கேமரன் எடுத்தவற்றுள் சில பத்துப் படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்போர் கிராமத்தாரும் பணியாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும், தமிழரும் சிங்களரும். அன்றைய திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களின் காலம் அது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஒரு பெண் கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறாள். ஒளி நன்றாக விழுந்திருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. ஹெர்ஷலுக்கும் டென்னிசனுக்கும் ஆனி ஃபில்பாட்டுக்கும் பெயர் எழுதிவைத்தவர், இந்தப் படங்களுக்கு வந்தபோது பெரும்பாலும் எழுதவில்லை. ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்ற அளவில் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்தி இன்று ஹட்டனிலோ திருச்சியிலோ இருக்கலாம். அது தம் பாட்டி என்று அறிய அவருக்கு வழியில்லை. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் கேமரன் இறந்தார். அவர் கல்லறை பொகவந்தலாவையில், தேயிலை மலைகளுக்கு நடுவே, பெயர் பொறிக்கப்பட்டு இருக்கிறது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, மருத்துவர் சுற்று முடிந்தபின், நம் மூதாட்டியிடம் சென்றோம். தலைவாரி, பேத்தி கொண்டுவந்த வெளிர்நீலப் புடவையைப் போர்த்திக்கொண்டு, அவரே சன்னலருகே போகலாம் என்றார். சிரிக்கச் சொல்லவில்லை. ரோஜாக் காம்பை எப்படிப் பிடிப்பது என்று மீண்டும் ஒருமுறை சொல்லித்தரும்படி கேட்டோம். இருபத்திரண்டு படங்கள் எடுத்தோம். பதினேழில் கண் மூடியிருந்தது அல்லது கை அசைந்திருந்தது அல்லது நாங்கள் அசைந்திருந்தோம். பதினெட்டாவதில் பேச்சை நிறுத்தி, விரல்கள் மடங்கியபடியே இருக்க, எங்களுக்குப் புரிந்ததா என்று நிமிர்ந்து பார்த்தார். மூக்கின் ஓரத்தில் ஆக்சிஜன் குழாய் அழுத்திய தழும்பு அந்தப் படத்தில் இருக்கிறது. அதை அழிக்கட்டுமா என்று கேட்டோம். இருக்கட்டும், பதினோரு நாள் பட்டது பொய்யா என்றார்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் படத்தை அச்சிட்டுக் கொடுத்தோம். முதல் படத்தைப் பார்த்ததைவிடக் குறைந்த நேரமே பார்த்தார். உடனே பேரனிடம் நீட்டி, பின்னால் பெயர் எழுதச் சொன்னார். அவன் ஆதார் அட்டையில் உள்ளபடி எழுதினான். அது கணக்குக்கு வைத்த பெயர், வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுது என்றார். அது தெலுங்குப் பெயர். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. தமிழ் எழுத்தில் அந்தப் பெயரை ஒலி கூட்டிக் கூட்டி எழுதினான். ஓரெழுத்துக்கு இருமுறை அடித்துத் திருத்தினான். அதன் கீழே தேதியும், ஊர்ப் பெயரும், பிறகு அவர் சொல்லச் சொல்ல, அவருடைய தாயின் பெயரும்.